வில்வண்டிப் பட்டையும் எண்ணெய்க் கியரும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



மலைத்தோட்டத்திலும் வண்டிப்பாதையிலும் ஓடுகிற பழைய நான்கு சக்கர இழுவை வண்டிகளைப் பற்றி இன்று பேசலாம். ஏலத்திலோ தெரிந்தவர் மூலமாகவோ ஒரு பழைய ஜீப்பை வாங்கி, உர மூட்டை ஏற்றவும் காய்கறி இறக்கவும் வைத்திருக்கிறவர்கள் நம்மில் உண்டு. முன்பெல்லாம் அவை கிளட்ச் மிதித்துக் கியர் போடுகிற வண்டிகளாகவே இருக்கும். இப்போது கிளட்ச் மிதியே இல்லாத, கியர் தானே மாறுகிற ஆட்டோமேட்டிக் வண்டிகளும் இரண்டாம் கை, மூன்றாம் கையாக நம்மிடம் வந்து சேருகின்றன.

ஓடுகிற வரைக்கும் சுகம்தான். ஒரு நாள் ஏற்றத்தில் இஞ்சின் மட்டும் இரைந்து வண்டி நகராமல் நின்றால் என்ன சொல்லுவார்கள்? "பெட்டி போச்சுங்க, இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும்" என்பார்கள். பெட்டியை இறக்கிப் பிரித்தால் ஒரு போகத்து வருமானம் அதிலேயே கரைந்துவிடும். இறக்காமலே தீரக்கூடிய கோளாறுகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றை அடையாளம் காண ஒரு சுலபமான வழி, அந்த வண்டியின் பாகங்கள் எங்கே, எதற்காகப் பிறந்தன என்று தெரிந்துகொள்வது. மாட்டை வாங்குகிறவர் அதன் வம்சத்தைக் கேட்பதில்லையா? அது போலத்தான் இதுவும்.

சண்டைக்குப் பிறந்த வண்டி

1940-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டிருந்தது. அமெரிக்க ராணுவம் தன் நாட்டு மோட்டார்க் கம்பெனிகளுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தது. சேற்றிலும் மணலிலும் போகக்கூடிய, நான்கு சக்கரமும் இழுக்கிற சிறிய வண்டி ஒன்று வேண்டும். முதல் வண்டியை 49 நாளில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பான்டம் என்ற சிறு கம்பெனி அதைச் சாதித்தது. காரல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைபடம் போட்டுக் கொடுக்க, அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி முதல் வண்டியை ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். பிறகு வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளும் களத்தில் இறங்கின. யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் தயாராகிவிட்டன.

அந்த ஜீப்பின் கீழே குனிந்து பார்த்தால் நமக்கு அந்நியமாக ஒன்றும் தெரியாது. முன்னும் பின்னும் கனத்த அச்சு. அச்சின்மேல் பட்டை பட்டையாக அடுக்கிய இரும்பு வில். நம் ஊர் வில்வண்டியில் பார்த்த அதே வில்! இந்த மாதிரி வில்லைக் குதிரை வண்டிக்கு வைப்பதற்கு 1804-இல் இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டியிலிருந்து மோட்டார் வண்டிக்கு வந்தபோதும் வேலை மாறவில்லை. பள்ளத்தில் விழுகிற அடியைப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி வாங்கிக்கொள்கின்றன. அச்சைத் தன் இடத்தில் பிடித்து வைப்பதும் அதே பட்டைதான். இந்த இரண்டாவது வேலையை மனசில் வையுங்கள். கோளாறு பார்க்கும்போது அது உதவும்.

யுத்தம் ஓய்ந்த 1945-இலேயே வில்லிஸ் கம்பெனி ஜீப்பை விவசாயிகளிடம் கொண்டுபோயிற்று. ஏர் இழுக்கும், இஞ்சினிலிருந்து சக்தி எடுத்து மற்ற இயந்திரங்களையும் ஓட்டும் என்று விளம்பரம் செய்தது. இங்கிலாந்திலும் இதே கதை. ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில் யுத்தத்தில் மிஞ்சிய ஒரு ஜீப்பை வைத்து வேலை வாங்கிவந்தார். அது தேய்ந்துபோனால் அதற்கு மாற்று ஏது என்ற யோசனையிலிருந்து பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை வெளியிட்டார்கள். எஃகு கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. ஆகவே உடம்பை அலுமினியத் தகட்டில் செய்தார்கள்.

நம் நாட்டில் 1940-களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பமான பிறகு, ஜீப் சத்தம் கேட்டாலே "பி.டி.ஓ. வந்துட்டார்" என்று சொல்லுகிற காலம் வந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம்.

பட்டை சொல்லும் நோய்

பட்டை வில் வண்டியின் பெரிய குணம், நோய் கண்ணுக்குத் தெரிவது. சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை சோர்ந்திருக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது. பட்டைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் பார்த்தால் விரிசல் துருக்கோடு போலத் தெரியும்.

நேராக ஓட்டினாலும் வண்டி நண்டு போலச் சாய்ந்து போகிறதா? அச்சு இடம் மாறியிருக்கிறது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற நடு போல்ட் அறுந்தால் அச்சு பின்னுக்கு நழுவும். மேலே கவிழ்த்துப் போட்ட யூ போல்ட்டுகள் தளர்ந்தால்தான் அந்த நடு போல்ட்டின்மேல் பாரம் விழுந்து அது அறும். ஆகவே பட்டை வேலை பார்த்த வண்டியில் சில நாள் ஓடிய பிறகு யூ போல்ட்டை மறுபடி முறுக்கிவிட வேண்டும்.

பாரம் தாங்கவில்லை என்று பட்டைமேல் பட்டை சேர்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. வில் விறைத்துப்போனால் அந்த அடியெல்லாம் சேசிஸுக்குப் போகும். சேசிஸ் வெடித்தால் அது பட்டைச் செலவைப்போலப் பல மடங்கு. பாரத்தைக் குறைத்து இரண்டு நடையாக அடிப்பதே லாபம்.

ஸ்டீயரிங் திடீரென்று கையை உதறுகிற மாதிரி ஆடினால், சக்கரத்தைச் சமன் செய்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். கனத்த முன் அச்சு உள்ள வண்டிகளில் கிங் பின் பேரிங், ஸ்டீயரிங் மூட்டுகள், பட்டையின் இரு முனையிலும் உள்ள புஷ் இவற்றில் தேய்மானம் சேர்ந்தால் இந்த உதறல் வரும். இது உயிரோடு விளையாடுகிற நோய். பார்த்துச் சரிசெய்யும்வரை வண்டியை வேகமாக ஓட்டக்கூடாது.

கியர் தானே விழுந்த கதை

பட்டை வில்லும் கிளட்ச் கியரும் உள்ள வண்டியை ஊர்ப் பட்டறையிலேயே அடித்து, வளைத்து ஓட்டிவிடலாம். பிறகு எதற்கு ஆட்டோமேட்டிக் வந்தது? சௌகரியத்துக்காக வந்தது. ஆனால் அதன் வேர் காரில் கிடையாது, கப்பலில் இருக்கிறது.

ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905-இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கப்பலின் நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுற்றும். தண்ணீரைத் தள்ளுகிற விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் பல் சக்கரம் இல்லாமல் திரவத்தாலேயே இணைக்கலாம் என்று அவர் காட்டினார்.

இதைப் புரிந்துகொள்ள உங்கள் பம்பு செட்டே போதும். மோட்டார் சுற்றும்போது உள்ளே இருக்கும் விசிறி தண்ணீரை வெளியே அடிக்கிறது. அந்தத் தண்ணீர் எதிரே இருக்கிற இன்னொரு விசிறியின்மேல் பாய்ந்தால் அதுவும் சுற்றும் அல்லவா? இரண்டு விசிறியையும் ஒரே கூட்டுக்குள் முகத்துக்கு முகம் வைத்து, தண்ணீருக்குப் பதில் எண்ணெய் நிரப்பினால் அதுதான் ஆட்டோமேட்டிக் வண்டியின் எண்ணெய்ச் சக்கரம். ஒரு விசிறியை இஞ்சின் சுற்றுகிறது; மற்றொன்று கியர்ப் பெட்டியைச் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் இரும்புத் தொடர்பு இல்லை. அதனால்தான் வண்டி நின்றாலும் இஞ்சின் அணைவதில்லை.

1940 மாடலாக ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஓல்ட்ஸ்மொபில் காரில் ஹைட்ரமேட்டிக் என்ற பெட்டியை வைத்தது. பெருவாரியாக உற்பத்தியான முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். சில ஆண்டுகளுக்குள் அதே பெட்டியை அமெரிக்க ராணுவத்தின் எம் 5 என்ற சிறு டாங்கியில் பொருத்தினார்கள். டாங்கியை இழுக்கிற பெட்டி சேற்றில் ஜீப்பை இழுக்காதா?

இழுத்தது. 1963 மாடலாக வந்த ஜீப் வேகனியர் வண்டியில்தான் நான்கு சக்கர இழுவையும் ஆட்டோமேட்டிக் கியரும் ஒன்றுசேர்ந்தன. 1965-இலிருந்து அதில் ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ரமேட்டிக் 400 என்ற பெட்டி வந்தது. 1980-இலிருந்து கிரைஸ்லர் கம்பெனியின் டார்க்ஃபிளைட் 727 வந்தது. 1991 வரை அந்த வண்டி தயாரானது.

இங்கிலாந்தில் 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர் பட்டை வில்லையே விட்டுவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் நீளமான சுருள் ஸ்பிரிங் வைத்தது. 1982-இல் கம்பெனியே அதில் கிரைஸ்லரின் ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பொருத்தித் தந்தது. 1992-இல் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையும் வந்துவிட்டது. இப்படிச் சௌகரியம் ஒவ்வொரு படியாக ஏறியது. அதோடு, கண்ணால் பார்த்துக் கையால் தட்டி அறிகிற இரும்பு வேலையெல்லாம் எண்ணெய்க்குள்ளும் காற்றுக்குள்ளும் ஒளிந்துகொண்டது. ஆகவே நாமும் எண்ணெயைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திமிங்கலமும் ஜோஜோபாவும்

ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெயைப் பற்றி ஒரு விசித்திரமான கதை உண்டு. பெட்டிக்குள் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் முழுகியே இருக்கின்றன. எண்ணெய் ரொம்ப வழுக்கினால் தட்டு நழுவும். வழுக்காவிட்டால் பிடிக்கும்போது உதறும். இந்த இரண்டுக்கும் நடுவான பக்குவத்துக்காக, ஸ்பெர்ம் திமிங்கலம் என்ற பெரிய தலைத் திமிங்கலத்தின் எண்ணெயை ஆரம்ப காலத்தில் கலந்தார்கள். 1970-இல் அமெரிக்க அரசு அந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. திமிங்கல எண்ணெய் நின்றுபோனது. எண்ணெய் தயாரிப்பவர்கள் வேறு கலவைக்கு அலைந்தார்கள்.

அப்போது ஆராய்ந்த பொருள்களில் ஒன்று விவசாயிகளாகிய நமக்கு வேண்டியது. அமெரிக்காவின் பாலைவனத்தில் வளரும் ஜோஜோபா என்ற புதரின் விதை எண்ணெய், திமிங்கல எண்ணெயை மிகவும் ஒத்திருந்தது. அந்தப் புதரை நம் ராஜஸ்தானிலும் பயிரிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கதையிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணெய் வெறும் மசகு எண்ணெய் இல்லை. சக்தியைக் கடத்துவது அது. தட்டுகளை அழுத்திப் பிடிப்பது அது. சூட்டை வெளியேற்றுவதும் அதுவே. டிராக்டர் எண்ணெய் மிச்சம் இருக்கிறது, இஞ்சின் எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றிவிட்டால் நல்ல பெட்டியும் கெட்டுவிடும். வண்டிப் புத்தகத்தில் எந்த எண்ணெய் போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும்.

எண்ணெயைப் படிப்பது எப்படி?

வண்டி இழுக்கவில்லையா? முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கை பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். சில மைல் ஓட்டி எண்ணெய் சூடான பிறகு, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். இஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் பல பெட்டிகளில் அளவு கூடுதலாகக் காட்டும்.

கியர் கம்பி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். நான் சொன்ன வேகனியரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979 வரை வந்த டர்போ ஹைட்ரமேட்டிக் பெட்டியைப் பார்க் நிலையில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த டார்க்ஃபிளைட் பெட்டியை நியூட்ரல் நிலையில் பார்க்க வேண்டும். அந்தப் பழைய டார்க்ஃபிளைட் பெட்டிகளில் பார்க் நிலையில் எண்ணெய்ச் சக்கரத்துக்கு எண்ணெய் ஓடாது. வெளித்தோற்றம் ஒன்றுதான், விதி இரண்டு. வண்டி எந்த ஆண்டு என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

அளவு குறைந்தால் என்ன ஆகும்? கிணற்றில் தண்ணீர் இறங்கி ஃபுட் வால்வு வெளியே தெரிந்தால் பம்பு காற்றை இழுக்கிறது, தண்ணீர் ஏறுவதில்லை. அதே நோய்தான் இங்கேயும். கியர் போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்து வண்டி நகரும். ஏற்றத்திலும் வளைவிலும் நழுவும். பெட்டியின் அடியில் உள்ள எண்ணெய் வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் இதே அறிகுறிதான். அளவு மிஞ்சினாலும் தப்பு. சுற்றுகிற பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். குச்சியில் குமிழி தெரிந்தால் அதுவும் காற்றுப் பிடித்த பம்புதான்.

அடுத்து நிறம். நல்ல எண்ணெய் பெரும்பாலும் தெளிந்த சிவப்பாக இருக்கும். காபித் தூள் நிறமாகி, கருகின வாடை வந்தால் தட்டுகள் தீய்ந்திருக்கின்றன. அந்த நிலையில் எண்ணெய் மாற்றுவது மட்டும் மருந்தாகாது. பாலும் ரோஜாப்பூவும் கலந்த மாதிரி வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் இந்த எண்ணெயைக் குளிர வைக்கிற குழாய் ரேடியேட்டருக்குள் இருக்கிறது. அது உள்ளே ஓட்டையானால் இரண்டும் கலக்கும். அந்த வண்டியை ஓட்டாதீர்கள். தண்ணீர் பட்டால் தட்டின்மேல் ஒட்டியிருக்கும் பூச்சு உரிந்துவிடும்.

அடித்தட்டைக் கழற்றும்போது அதில் படிந்ததையும் பாருங்கள். மை போன்ற மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு கொஞ்சம் இருந்தால் அது வயசுக்கு ஏற்ற தேய்மானம். இரும்புச் சில்லு கிடந்தால் மட்டுமே பெட்டியை இறக்குகிற பேச்சுக்கு வரலாம். எண்ணெய் கொதிக்கிற சூட்டில் கழற்றாதீர்கள், கை வெந்துவிடும்.

இறக்காமலே தீரும் நோய்கள்

சில நோய்கள் பெட்டிக்கு வெளியேதான் இருக்கின்றன. டர்போ ஹைட்ரமேட்டிக் 400 பெட்டிக்கு இஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய வெற்றிடக் குழாய் வருகிறது. இஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லும் தூதன் அது. அதன் ரப்பர் துண்டு வெடித்துவிட்டால் தூது போகாது. கியர் தாமதமாகவும் முரட்டு அடியோடும் விழும். குழாய் முடிகிற இடத்தில் உள்ள டப்பாவின் உள்சவ்வு கிழிந்தால் இஞ்சின் பெட்டி எண்ணெயை உறிஞ்சிக் குடிக்கும். தரையில் சொட்டுக்கூட ஒழுகாது; ஆனால் அளவு குறைந்துகொண்டே போகும்; புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரும். "இஞ்சினுக்குப் பிஸ்டன் போடணும்" என்று யாராவது சொல்வதற்கு முன்னால் அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

டார்க்ஃபிளைட் பெட்டியில் அந்தத் தூது வேலையை ஒரு கம்பி செய்கிறது. ஆக்சிலேட்டரோடு சேர்ந்து அது நகர வேண்டும். கார்புரேட்டர் வேலை பார்த்தவர் அந்தக் கம்பியை மாட்டாமல் விட்டால் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் போதாது. தட்டுகள் நழுவித் தீய்ந்துபோகும். ஒரு கம்பியை மறந்ததற்கு ஒரு பெட்டி பலி. இதே பெட்டியில் 2-ஆவது கியர் நழுவினால், அதைப் பிடிக்கிற பட்டியை வெளியிலிருந்தே திருகித் திருத்த ஒரு மறை இருக்கிறது. அளவு தெரிந்த மெக்கானிக்குக்கு அது சிறிய வேலை.

கியர் போட்டவுடன் அடியில் "டங்" என்று இடிக்கிறதா? பெட்டியைக் குறை சொல்வதற்கு முன்னால் பிரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டைக் கையால் திருகி ஆட்டிப் பாருங்கள். இஞ்சினைத் தாங்குகிற ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே சத்தம் வரும்.

பட்டை வில் அச்சைத் தானே பிடித்துக்கொள்கிறது என்று முன்னே சொன்னேன். சுருள் ஸ்பிரிங்குக்கு அந்த வேலை தெரியாது. அது பாரத்தை மட்டும் தாங்கும். அச்சைப் பிடிக்க ரேஞ்ச் ரோவர் மாதிரி வண்டிகளில் தனியாகத் தண்டுகளும், முனைகளில் ரப்பர் புஷ்களும், பின் அச்சின்மேல் ஒரு பந்து மூட்டும் இருக்கின்றன. அவை தேய்ந்தால் ஒவ்வொரு தடவை கியர் போடும்போதும், ஆக்சிலேட்டரை விடும்போதும், அச்சே முன்னும் பின்னும் ஆடி இடிக்கும். புஷ் கோளாறுக்குப் பெட்டி பழி சுமக்கிறது.

சுருள் ஸ்பிரிங் வண்டியில் ஷாக் அப்சார்பருக்கும் வேலை அதிகம். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டம் கொஞ்சம் தானே அடங்கும். சுருளில் உரசல் இல்லை. மூலையை அழுத்திவிட்டால் வண்டி ஒரு தடவை எழுந்து நின்றுவிட வேண்டும். தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. மேலெல்லாம் எண்ணெய் கசிந்திருந்தாலும் அதே அர்த்தம்.

காற்றுப் பை வண்டி ராத்திரி நிறுத்தி, காலையில் படுத்துக் கிடந்தால் பை வெடிப்புவிட்டிருக்கிறது, அல்லது குழாய் கசிகிறது. சோப்பு நுரை தடவினால் கசிவு தெரிந்துவிடும், பஞ்சர் பார்க்கிற மாதிரிதான். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் காற்றடிக்கிற சிறு மோட்டார் ஓயாமல் ஓடி எரிந்துபோகும். சின்ன ஓட்டை பெரிய செலவாகிற வழி இதுதான்.

எந்த வேலையானாலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே போகக்கூடாது. கனத்த ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்கும் முட்டு கொடுத்துவிட்டுத்தான் கீழே குனிய வேண்டும்.

டிராக்டரில் கட்டி இழுக்கலாமா?

நின்றுபோன வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வருவது நமக்குப் பழக்கம். கிளட்ச் வண்டிக்கு அது சரி. ஆட்டோமேட்டிக் வண்டியை அப்படி இழுத்தால் பெட்டி கெட்டுவிடும். பெட்டிக்குள் எண்ணெயை ஓட வைக்கிற பம்பை இஞ்சின்தான் சுற்றுகிறது. இஞ்சின் நின்றிருக்க, சக்கரம் மட்டும் சுற்றினால், உள்ளே பாகங்கள் எண்ணெய் இல்லாமல் வறண்டு உரசும். பல வண்டிகளில் டிரான்ஸ்பர் பெட்டியை நியூட்ரலில் போட்டு இழுக்கலாம். சிலவற்றில் பிரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். வண்டிப் புத்தகம் கிடைக்காவிட்டால் லாரியில் ஏற்றிக்கொண்டு போவதே மேல். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இந்த வண்டிகளில் நடக்காது.

சேற்றிலும் செங்குத்து ஏற்றத்திலும் டிரான்ஸ்பர் பெட்டியை லோ நிலையில் போட்டு ஓட்டுங்கள். ஹை நிலையில் திணறினால் எண்ணெய்ச் சக்கரம் உள்ளே வழுக்கி வழுக்கி எண்ணெயைக் கொதிக்க வைக்கும். ஆட்டோமேட்டிக் பெட்டிக்குச் சூடுதான் முதல் எதிரி.

வாங்கப் போகிறவர்களுக்கு

மகிந்திரா 2010-இல் தார் வண்டியை வெளியிட்டபோது பின்னால் பட்டை வில்தான் இருந்தது. 2020-இல் வந்த புதிய தாரில் பின்னாலும் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது, ஆட்டோமேட்டிக் பெட்டியும் கிடைத்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் நடந்த மாற்றம் நம் வண்டியிலும் வந்தாகிவிட்டது. இன்றைக்குப் புதிதாக ஓடுகிற அந்த வண்டிகள் நாளைக்குப் பழசாகி நம் தோட்டத்துக்குத்தானே வரும்!

பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கப் போனால் வர்ணத்தையும் சீட்டையும் கடைசியில் பாருங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி தன் நோயை மறைக்கும். கியர் போட்டால் எத்தனை விநாடியில் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். பின்னோக்கியும் ஓட்டிப் பாருங்கள். சூடான பிறகு ஓர் ஏற்றத்தில் மறுபடி ஓட்டுங்கள். திரும்பி வந்து குச்சியை எடுத்து, எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒற்றி நிறமும் வாடையும் பாருங்கள். பிறகு கீழே குனிந்து புஷ், மூட்டு, ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் ஆட்டிப் பாருங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை, அரை நாள் பொறுமை போதும்.

மெக்கானிக்கிடம் போகும்போதும் "பெட்டி போச்சு" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். "எண்ணெய் அளவு சரியா இருக்கு, நிறம் சிவப்பு, சூடானா மட்டும் 2-ஆவது கியர் நழுவுது" என்று அறிகுறியைச் சொல்லுங்கள். நெல்லில் இலை மஞ்சளாகிறது என்றால் எந்த இலை, நுனியா அடியா என்று கேட்டுத்தானே மருந்து சொல்லுகிறார்கள்? வண்டிக்கும் அப்படியே. குச்சியைத் துடைத்துப் பார்க்காமல் பெட்டியை இறக்க யாருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.